தொடை இழுத்துப் பிடிச்சா யார்கிட்ட சொல்வீங்க? ‘எஸ் அண்டு சி’ கோச் வேலை: ஒரு முழு கைடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ். ஸ்பிரின்ட் ஓடும்போது பின்தொடை சுருக்கென்று இழுத்துப் பிடிக்கிறது. திங்கட்கிழமை ஸ்போர்ட்ஸ் கோட்டா ட்ரயல்ஸ். கோச்கிட்ட சொன்னால் லிஸ்ட்டிலிருந்து பேரை எடுத்துடுவாரோ என்று பயம். சொல்லாமல் ஓடினால், சின்ன இழுப்பு பெரிய கிழிசலாகி, சீசனே போய்விடலாம். நீங்க என்ன செய்வீங்க?

மறைக்கத்தான் தோணும். அதுவும் மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி என்று நீளும் கரிசல் பூமியில் வளர்ந்த பிள்ளை என்றால், அந்த ட்ரயல்ஸின் மதிப்பே வேற. இங்கே விவசாயம் மழையை நம்பி. பலருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கூலி. வீட்டில் ஒருத்தருக்கு ரயில்வேயிலோ, போலீஸிலோ, ராணுவத்திலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்துவிட்டால் குடும்பத்தின் கதையே மாறிவிடும். தமிழக அரசு வேலைகளிலும் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அதனால் இங்கே ஒரு ஹாம்ஸ்ட்ரிங் காயம் என்பது வெறும் காயம் இல்லை. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம்.

அந்தக் காயம் வராமல் பார்த்துக்கொள்வதும், வந்துவிட்டால் ஒளிக்காமல் சொல்கிற தைரியத்தை வீரருக்குக் கொடுப்பதும் ஒருத்தருடைய முழுநேர வேலை. அவர்தான் ஸ்ட்ரென்த் அண்டு கண்டிஷனிங் கோச். சுருக்கமா, ‘எஸ் அண்டு சி’ கோச். இந்த வேலைக்கு எப்படிப் போவது, இதில் என்ன இருக்கு, என்ன இல்லை, ஒரு வீரராக இவரிடம் நீங்க என்ன எதிர்பார்க்கலாம்... எல்லாத்தையும் பார்த்துடலாம்.

ஜிம் ட்ரெயினர்தானே?

இல்லை. ஜிம் ட்ரெயினரிடம் வருபவரின் இலக்கு பெரும்பாலும் எடை குறைப்பது, உடம்பு ஏற்றுவது. எஸ் அண்டு சி கோச்சின் இலக்கு மைதானத்தில் இருக்கிறது. வேகம், பலம், தாங்குதிறன், சட்டென்று திரும்பும் லாகவம் இவற்றை அந்தந்த விளையாட்டுக்கு ஏற்றபடி வளர்ப்பது, கூடவே காயத்தைக் குறைப்பது. கண்ணாடியில் தெரியும் பைசெப்ஸ் இவருக்கு முக்கியமே இல்லை.

விளையாட்டு நுட்பத்தைச் சொல்லித்தருவது ஹெட் கோச். காயத்துக்கு சிகிச்சை தருவது டாக்டர், பிசியோ. சாப்பாட்டுத் திட்டம் போடுவது நியூட்ரிஷனிஸ்ட். இந்த எல்லாருக்கும் நடுவில் நின்று, ‘இன்னிக்கு இவன் உடம்பு எவ்வளவு தாங்கும்?’ என்ற ஒரே கேள்விக்கு பதில் சொல்பவர் எஸ் அண்டு சி கோச்.

இது ரொம்பப் பழைய தொழிலும் இல்லை. 1969-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், போல் வால்ட் வீரராக இருந்த பாய்ட் எப்லி என்ற இளைஞரை, ஃபுட்பால் டீமுக்கு வெயிட் ட்ரெயினிங் கொடுக்க சம்பளத்துக்கு அமர்த்தியது. எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் குறைந்துவிடும் என்று பெரிய பெரிய கோச்சுகளே நம்பிய காலம் அது. அதே எப்லிதான் 1978-ல் இந்தத் துறைக்கான தேசிய சங்கத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ‘சி.எஸ்.சி.எஸ்’ சான்றிதழைத் தருவது அந்தச் சங்கம்தான்.

நம்ம ஊரிலும் முன்னோடிகள் இருக்காங்க. 2011 உலகக்கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் டீமின் ஃபிட்னெஸைப் பார்த்துக்கொண்டவர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன். 2015 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்த பாசு சங்கரும் சென்னைக்காரர்தான். ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கலுக்கும் பயிற்சி தந்தவர். விராட் கோலியை ஒலிம்பிக் லிஃப்டிங் பக்கம் திருப்பியவரும் இவரே.

கோவில்பட்டி ஏன் நல்ல உதாரணம்?

கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் என்று பலருக்கும் தெரியும். ஆனால், ஹாக்கி உலகத்தில் கோவில்பட்டிக்கு வேறு அடையாளம். இங்கே செயற்கைப் புல் மைதானம் இருக்கு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கிக்கான சிறப்பு விடுதி இருக்கு. பல வருஷங்களாக லட்சுமி அம்மாள் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. 2022-ல் தேசிய ஜூனியர் ஆண்கள் சாம்பியன்ஷிப்பும் இங்கேதான் நடந்தது.

அதே 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டு பேர் இந்திய சீனியர் அணிக்காக அறிமுகமானாங்க. ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். இன்னொருவர் அரியலூரில் பிறந்து, கோவில்பட்டி விடுதியில் வளர்ந்த கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் மேட்ச்சிலேயே கார்த்தி கோல் அடித்தார். அந்தத் தொடரில் இந்தியா வெண்கலம் வென்றது.

இந்த இருவரைப் பார்த்து ஸ்டிக்கைத் தூக்கிய பிள்ளைகள் சுற்று வட்டாரத்தில் நிறைய பேர். எல்லாரும் இந்திய அணிக்குப் போகப் போறதில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே முழங்கால், ஒரே முதுகுதான்.

ஹாக்கி உடம்பிடம் என்ன கேட்கிறது?

மேட்ச் 60 நிமிஷம். தலா 15 நிமிஷத்தில் நான்கு குவார்ட்டர். வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் உள்ளே இருக்கும் சில நிமிஷங்கள் முழு வேகம். ஓடு, நில், திரும்பு, மறுபடி ஓடு. அதிலும் பாதி நேரம் குனிந்தபடி. இதனால் அதிகம் அடிவாங்குவது கீழ் முதுகும் பின்தொடையும். டிராக் ஃப்ளிக் அடிப்பவர் என்றால் இடுப்பைச் சுழற்றிச் சுழற்றி முதுகு எலும்புக்கும் சுமை.

தரையையும் கணக்கில் எடுக்கணும். கரிசல் மண் மழைக்குக் காலைக் கவ்வும். வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் ஓடினால் கணுக்கால் பிசகும். பள்ளியில் கட்டாந்தரை, விடுதியில் செயற்கைப் புல் என்று ஒரே வாரத்தில் இரண்டு தரையில் ஆடும் பிள்ளைகளும் உண்டு. செயற்கைப் புல்லில் தண்ணீர் தெளித்துத்தான் ஆட வேண்டும். காய்ந்த டர்ஃப் சூடாகும், பிடிப்பும் கூடும். ஷூ தரையில் ஒட்டிக்கொள்ள உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால்தான் பதில் சொல்லணும். விழுந்தால் தோல் வழண்டுவிடும். குடிநீருக்கே கணக்குப் பார்க்கும் ஊரில் மைதானத்துக்குத் தண்ணீர் என்பது சாதாரண விஷயம் இல்லை. தண்ணீர் குறைந்த நாளில் ஸ்பிரின்ட்டைக் குறைத்து, பயிற்சியை மாற்றுவதும் எஸ் அண்டு சி கோச்சின் வேலைதான்.

ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்

இந்திய சீனியர் அணி வீரர்கள் ஜி.பி.எஸ் கருவி கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். விடுதியில் அது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பயிற்சிச் சுமையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து வீரரிடம் கேளுங்க: ‘இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? பத்துக்கு எவ்வளவு?’ அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிஷங்களால் பெருக்குங்க. 90 நிமிஷ ஹாக்கிக்கு 7 என்று சொன்னால் 630. அன்றே 40 நிமிஷ ஜிம்முக்கு 5 என்றால் 200. மொத்தம் 830. இதை வாரம் முழுக்கக் கூட்டுங்க.

போன வாரம் 2,400, இந்த வாரம் திடீரென்று 4,000 என்று எகிறினால் அது அபாய மணி. ட்ரயல்ஸ் வருது என்று கடைசி வாரத்தில் இரட்டைப் பயிற்சி போடுவது ஏன் ஆபத்து என்பது இந்த நோட்டைப் பார்த்தாலே புரிந்துவிடும். இன்னும் நாலு கேள்வி சேர்த்துக்கலாம்: எத்தனை மணி நேரம் தூங்கினே? எங்கேயாவது வலிக்குதா? சாப்பிட்டியா? மனசு எப்படி இருக்கு? அதிகாலையில் கிளம்பி பஸ்ஸோ ட்ரெயினோ பிடித்து வரும் பிள்ளையின் தூக்கக் குறைவும் ஒரு சுமைதான். அதையும் நோட்டில் எழுதணும்.

அப்புறம், பின்தொடைக்கு ஒரு பயிற்சி. முட்டி போட்டு நிமிர்ந்து உட்காருங்க. பார்ட்னர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்து, முடிந்தவரை தாக்குப்பிடித்து, கடைசியில் கையை ஊன்றி விழுங்க. பேர் ‘நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங்’. இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் பின்தொடைக் காயம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. மெஷின் வேண்டாம், காசு வேண்டாம். வாரம் இரண்டு முறை, குறைந்த எண்ணிக்கையில் ஆரம்பித்தால் போதும்.

‘சின்னப் பிள்ளைங்க வெயிட் தூக்கினா வளர மாட்டாங்க’ என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. அது உண்மை இல்லை. சரியான முறையில், கூடவே ஒருவர் இருந்து கவனித்தால் டீன் ஏஜ் வயதினருக்கு எடைப் பயிற்சி பாதுகாப்பானது. ஆனால், கிடுகிடுவென்று உயரமாகும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே வலி வருவது சகஜம். அந்த நேரத்தில் குதிப்பதையும் ஸ்பிரின்ட்டையும் குறைக்கணும். ‘நடிக்கிறான்’ என்று திட்டக் கூடாது.

வெயில், சாப்பாடு, தூக்கம்

கரிசல் வெயிலோடு யாரும் வீராப்புக் காட்ட வேண்டாம். லீவு முடிந்து வரும் பிள்ளைக்கு வெயிலில் பயிற்சி பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். முதல் நாளே ‘பத்து ரவுண்டு ஓடு’ என்பது கண்டிப்பு இல்லை, அலட்சியம். ஒரு வீரர் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, சம்பந்தம் இல்லாமல் பதில் சொல்கிறார் என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தொட்டித் தண்ணீரிலோ ஐஸ் தண்ணீரிலோ உடம்பைக் குளிர வையுங்க. 108-க்கு அழைப்பதும் குளிர வைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கணும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்து சாப்பாடு. தீவிரமாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் சுமார் 1.4 முதல் 2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு 84 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம். உளுந்திலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக, நம்ம மண்ணில் விளைவதிலேயே பாதி வேலை முடிகிறது. கடலை மிட்டாயும் நல்ல தீனிதான். ஆனால், கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். ஓடுவதற்குச் சற்று முன் வாழைப்பழம், ஓடி முடித்த பிறகு கடலை மிட்டாய் என்று வைத்துக்கோங்க.

பவுடர் டப்பா விஷயத்தில் ஜாக்கிரதை. அதில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் செல்லாது. உடம்புக்குள் இருப்பதற்கு வீரர்தான் பொறுப்பு. மருந்துகளைச் சரிபார்க்க தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் ‘நோ யுவர் மெடிசின்’ ஆப் இருக்கு. சளி மாத்திரை என்றாலும் ஒருமுறை பார்த்துடுங்க.

பெண் வீராங்கனைகளுக்கு முக்கியமான ஒன்று. பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் பீரியட்ஸ் நின்றுபோகலாம். ‘ஓடுற பொண்ணுக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கணும். எலும்பின் பலமே அதில் இருக்கு. சீக்கிரம் மூச்சு வாங்குது, எப்பவும் சோர்வு என்றால் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துடுங்க.

டீன் ஏஜ் வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி ரீல்ஸ் பார்த்துவிட்டு அதிகாலை பிராக்டிஸுக்கு வந்தால் எந்த எஸ் அண்டு சி கோச்சாலும் காப்பாற்ற முடியாது.

மனசுக்கும் ஒரு வார்ம்-அப்

செலக்‌ஷன் ஆகாத நாள், காயத்தால் வெளியே உட்கார்ந்திருக்கும் வாரம், வீட்டிலிருந்து ‘என்னப்பா ஆச்சு?’ என்று வரும் போன்... இதெல்லாம் சேர்ந்து அழுத்தும். அப்போது பலர் முதலில் வாய் திறப்பது எஸ் அண்டு சி கோச்சிடம்தான். காரணம், அவர் டீம் லிஸ்ட் எழுதுவதில்லை. கேட்பது அவர் கடமை. சிகிச்சை தருவது அவர் வேலை இல்லை. சரியான ஆளிடம் அனுப்பணும். மத்திய அரசின் ‘டெலி-மானஸ்’ எண் 14416. தமிழிலேயே பேசலாம், இலவசம்.

இன்னொன்றும் தெளிவா தெரிஞ்சுக்கோங்க. எடை பார்க்கிறேன், தசை பார்க்கிறேன் என்ற பேரில் யாரும் தனி அறைக்குக் கூப்பிடக் கூடாது; தேவை இல்லாமல் தொடக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098-க்கு அழைக்கலாம். நல்ல கோச் எப்போதும் நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் உடல் பரிசோதனை செய்வார்.

சரி, இந்த வேலைக்கு எப்படிப் போறது?

* பிளஸ் டூ-வில் உயிரியல் எடுத்திருந்தால் கூடுதல் கதவுகள் திறக்கும். பிசியோதெரபி பக்கமும் போகலாம். எடுக்காவிட்டாலும் உடற்கல்விப் பட்டப் படிப்புகள் இருக்கு.

* தூத்துக்குடி மாவட்டத்திலேயே, திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி. சென்னை என்றால் 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ கல்லூரி, மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் என்று தனியாகப் படிக்க போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

* பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய என்.ஐ.எஸ் தரும் புகழ்பெற்ற டிப்ளமோ, ஹாக்கி, தடகளம் என்று குறிப்பிட்ட விளையாட்டுக்கான கோச் ஆவதற்கு. எஸ் அண்டு சி வேறு பாதை. இரண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

* பட்டம் முடித்ததும் சர்வதேசச் சான்றிதழ். சி.எஸ்.சி.எஸ் தேர்வுக்குப் பட்டப்படிப்பும், சி.பி.ஆர் முதலுதவிச் சான்றும் கட்டாயம். அறிவியல் ஒரு பகுதி, செயல்முறை ஒரு பகுதி. மொத்தம் நான்கு மணி நேரம். கட்டணம் டாலரில். அதனால் பணம் கட்டும் முன் அந்த அமைப்பின் இணையதளத்தில் இப்போதைய தகுதி விதிகளை ஒருமுறை படிச்சிடுங்க. ஆஸ்திரேலியா, பிரிட்டன் சங்கங்களின் சான்றிதழ்களுக்கும் மதிப்பு உண்டு.

* ‘வார இறுதியில் ரெண்டு நாள் கோர்ஸ், கையில் சர்வதேச சர்ட்டிஃபிகேட்’ என்ற இன்ஸ்டா விளம்பரத்துக்குக் காசு கட்டும் முன், எந்த அணி அந்தச் சர்ட்டிஃபிகேட்டைக் கேட்டு ஆள் எடுத்தது என்று விசாரிங்க.

* எல்லாத்தையும்விட முக்கியம், களத்தில் மணிக்கணக்கு. பக்கத்துப் பள்ளி டீமுக்கு ஒரு சீசன் வார்ம்-அப் நடத்துங்க. நோட்டுப் போடுங்க. எத்தனை பேர், எத்தனை காயம், எத்தனை நாள் இழப்பு என்று எழுதி வையுங்க. இன்டர்வியூவில் அந்த நோட்டு பேசும்.

வேலை எங்கே இருக்கு, வலி எங்கே இருக்கு?

இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்கள், கேலோ இந்தியா மையங்கள், மாநில விளையாட்டு ஆணையம், தனியார் அகாடமிகள், கல்லூரிகள், ஐ.பி.எல், புரோ கபடி, ஐ.எஸ்.எல் அணிகள் என்று வாய்ப்புகள் விரிந்திருக்கு. ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்த பிறகு தமிழ்நாடு டிராகன்ஸ் அணியும் வந்திருக்கு. 2025-ல் ஜூனியர் உலகக்கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, நம்ம பசங்க உலக அணிகள் எப்படி வார்ம்-அப் செய்யறாங்கன்னு நேரிலேயே பார்க்க முடிந்தது.

ஆனால், சர்க்கரை தடவிச் சொல்ல வேண்டாம். இந்த வேலைகளில் பெரும்பாலானவை கான்ட்ராக்ட். லீக் என்றால் சில மாத வேலைதான். ஹெட் கோச் மாறினால் கூடவே உங்க நாற்காலியும் ஆடும். காலை இருட்டில் ஆரம்பித்து இரவு விளக்கில் முடியும் நாள்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாது. டீம் ஜெயித்தால் போட்டோவில் ஓரத்தில் நிற்பீங்க. ஒரு ஸ்டார் காயம் அடைந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். அதனால் கையில் இரண்டாவது தகுதி ஒன்று வைத்துக்கோங்க. பி.பி.எட் முடித்தால் உடற்கல்வி ஆசிரியர் தேர்வு எழுதலாம். பிசியோ படித்தால் கிளினிக் இருக்கு.

இந்த வேலையின் கஷ்டமான கணம் ஜிம்மில் வராது. மேட்ச் அன்று காலை வரும். ஹெட் கோச் ‘அவன் ஆடணும்’ என்பார். வீரர் ‘நான் ஓகே சார்’ என்பார். அப்பா கேலரியில் உட்கார்ந்திருப்பார். உங்க நோட்டு மட்டும் ‘வேண்டாம்’ என்று சொல்லும். தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம் என்றால் அன்று மறுபடி களமிறக்கவே கூடாது. இதில் பேச்சுக்கே இடம் இல்லை. தசைக் காயம் என்றால் பிசியோவோடு பேசி, முழு வேகத்தில் ஓடவைத்துப் பார்த்து, எழுத்தில் முடிவு சொல்லுங்க. ஊசி போட்டு ஆடவைக்கும் யோசனைக்குத் தலையாட்டாதீங்க. உங்க வேலை போகலாம் என்ற பயம் நியாயமானது. ஆனால், அந்தப் பிள்ளைக்கு வேறு பின்தொடை இல்லை.

வீரராக இருக்கும் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. வலி வந்த அன்றே சொல்லுங்க. முதல் நாளே சொன்ன சின்ன இழுப்பு சில நாள் ஓய்விலும் சரியான பயிற்சியிலும் ஆறிவிடும். பத்து நாள் மறைத்த கிழிசல் மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும். உங்க அகாடமியில் எஸ் அண்டு சி கோச் இல்லையா? அந்த ‘பத்துக்கு எவ்வளவு’ நோட்டை நாளைக்கே நீங்களே ஆரம்பிங்க. ஒரு மாதம் கழித்து அதைக் கோச்சிடம் காட்டுங்க. யாருக்குத் தெரியும், மணியாச்சி பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வரப்போகும் அடுத்த எஸ் அண்டு சி கோச் நீங்களாகவும் இருக்கலாம்.